சாதாரண ஆணி

சிங்கப்பெருமாள் கோயில்
12.2.2006

அன்புள்ள ஹரிப்ரியா,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடது பாதத்தில் ஓர் அங்குலம் நீங்கலாக. அங்கே நீயும் உன் மீன்களும் குளிருக்கு எப்படி இருக்கிறீர்கள்?

நம் குடும்பம் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்திருக்கிறது என்பதை உனக்கு முறைப்படி அறிவிப்பது என் கடமை. இனிமேல் நான் வீட்டுக்குள்ளும் செருப்பு அணிவேன். உன் அண்ணன் பிரவின் ஆதரித்தான். உன் அம்மா கடுமையாக எதிர்த்தாள். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. செருப்பு புதியதாக இருக்க வேண்டும், வாசற்படியைத் தாண்டக் கூடாது, சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் முன்னால் கழற்றப்பட வேண்டும். நீல ரப்பர் செருப்பு வாங்கப்பட்டு, மஞ்சள் தண்ணீரில் கழுவப்பட்டு, பதவி ஏற்றுக்கொண்டது.

காரணம் கால் ஆணி. பெருவிரலுக்குக் கீழே சுண்டைக்காய் அளவு. கறுப்பாக இருப்பதால் முதலில் தார் ஒட்டியிருக்கிறதென்று மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். மருந்துக்கடைப் பிளாஸ்திரி போட்டதில் அது வளர்ந்தது. செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரிடம் பிரவின் கூட்டிப்போனான். அவர் அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எதற்கு என்று கேட்டேன். என்ன ரக ஆணி என்று பார்க்க என்றார். ஆராய்ச்சி மையத்து நூலகத்தில் முப்பது வருடம் இருந்தும், ஆணியில் ரகம் உண்டென்று ஒரு புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

மீன்களைப் பற்றி விரிவாக எழுது. யாராவது கேட்டால் ‘மகள் அமெரிக்காவில் மீன் வளர்க்கிறாள்’ என்று சொல்லவேண்டியிருக்கிறது.

ஆசிகளுடன்,
அப்பா

*

மின்னஞ்சல்
21.2.2006

அன்புள்ள ஹரி,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ரிப்போர்ட் வந்துவிட்டது. நானே போய் வாங்கினேன். மெலனோமா. நீ மீன்களில் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அதேதான். இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி, நம் ஆட்களுக்கு வந்தால் உள்ளங்காலில் வரும் என்றார் டாக்டர். தொடையிடுக்கில் கட்டி எதுவும் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். இப்போதே பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறதாம்.

அப்பாவுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் தோல் புற்றுநோய் என்று சொன்னேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் பெரிய மனது பண்ணி, “சாதாரண ஆணிதான் சார், கவலைப்பட ஒண்ணுமே இல்ல, பாதத்துல பாதியை மட்டும் எடுத்துடலாம்” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா குனிந்து தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

நீ எதையும் எழுதிவிடாதே. அவருக்கு பி.பி. இருக்கிறது. விஷயம் தெரிந்தால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். உங்கள் லேபில் இதற்கு மாத்திரை ஏதாவது உண்டா?

அன்புடன்,
பிரவின்குமார்

*

மின்னஞ்சல்
பாஸ்டன், 22.2.2006

அண்ணா,

நலமா என்று கேட்க இன்று கை வரவில்லை.

மாத்திரை இல்லை. இருந்தால் எனக்கு இந்த வேலையே இருக்காது. இது பரவியபிறகு கொடுக்கிற மருந்துகள் எல்லாம் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளத்தான். கத்தி ஒன்றுதான் வழி, அதுவும் பரவுவதற்கு முன்னால். சில வாரங்கள் தள்ளிப்போடலாம், மாதங்கள் முடியாது.

அப்பாவிடம் சொல். ஆணிக்காக எவனாவது பாதிப் பாதத்தைக் கொடுப்பானா? அவர் ஒரு வரியை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறவர்.

அம்மா நேற்று ஃபோனில் அழுது, என் தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டாள். அவள் தலைமேல் என்றிருந்தால் மீற யோசித்திருக்க மாட்டேன், என் தலைமேல் என்கிறாள். சரி, நான் சொல்ல மாட்டேன். நீ சொல். என் விசா புதுப்பிப்புக்குப் போயிருக்கிறது, இப்போது வெளியே வந்தால் திரும்ப நுழைய முடியாது. இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன்.

ஹரி

*

பாஸ்டன்
15.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், மீன்களும் நலம், அவற்றை அப்படி இருக்க விடுவதில்லை என்பது வேறு விஷயம். காலில் வலி இருக்கிறதா? ரத்தம் கசிகிறதா?

கேட்டீர்களே, எழுதுகிறேன். இவை சுண்டுவிரல் நீளம் கூட இல்லாத வரி போட்ட மீன்கள். பூர்வீகம் நம் பக்கத்து வயல் வாய்க்கால்கள்தான். அவற்றுக்கு இங்கே விசா தொல்லை இல்லை. மனிதனின் மச்சத்தில் இருக்கிற ஒரு பழுதான மரபணுவை மீனின் முட்டைக்குள் செலுத்துகிறோம். மீன் வளரும்போது அதன்மேல் கறுப்பு மச்சம் வருகிறது. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். செல் தறிகெட்டுப் பெருகாமல் தடுக்க உடம்பில் காவல் மரபணுக்கள் இருக்கின்றன. முக்கியமான ஒன்றின் பெயர் பி53. அந்தக் காவல் பிறவியிலேயே இல்லாத மீன்களில் அதே மச்சம் சில மாதங்களில் கட்டியாகி, உள்ளே இறங்கி, மீனைக் கொன்றுவிடும். காவலுக்கு வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது என் வேலை. சந்தேகப்படும் மரபணு ஒவ்வொன்றின் நல்ல பிரதியையும் மீனுக்குள் வைத்து, கட்டி வரத் தாமதமாகிறதா என்று வாரா வாரம் பார்க்கிறோம்.

இதே மீனின் வாலை வெட்டினால் சில வாரங்களில் திரும்ப முளைத்துவிடும்.

அப்பா, டாக்டர் சொல்கிறபடி ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள். ஆணியே ஆனாலும் சீழ் பிடித்தால் ஆபத்து. எனக்காக.

அன்பு மகள்,
ஹரிப்ரியா

*

சிங்கப்பெருமாள் கோயில்
9.4.2006

அன்புள்ள ஹரிப்ரியா,

இங்கே வெயிலும் நாங்களும் நலம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் காவல் மரபணு நாம் முன்பு இருந்த டவுன்ஷிப்பின் வாசல் காவலாளியை நினைவுபடுத்தியது. பாஸ் இருந்தால் அவர் மாட்டையும் உள்ளே விடுவார். மீன்களுக்கு விஷயம் தெரியாது என்பது ஓர் ஆறுதல். எனக்கும் வெட்டினால் முளைக்கும் என்றால் பாதத்தை இன்றைக்கே தந்துவிடுவேன்.

ஆபரேஷன் விஷயத்தை எல்லாக் கோணத்திலிருந்தும் யோசித்தேன். இது ஒன்றுமேயில்லை என்று டாக்டர், பிரவின், உன் அம்மா, எதிர்வீட்டு வரலட்சுமி எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இதற்காகப் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டும் என்றும் அதே நபர்கள் அதே குரலில் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். வெளி ஆள் ஒருவரின் கருத்து தேவைப்பட்டதால் ஆட்டோ வரதனைக் கேட்டேன்.

“இன்னா சார், ஆணிக்குப் போயி கால எட்த்துடுவாங்களா? எங்க மாமாவுக்கு இருந்துச்சி சார். வண்டி கிரீஸத் தடவிக்கினே இருந்தாரு. போய்டுச்சி.”

மாமா சௌக்கியமா என்று கேட்டேன்.

“அவரும் போய்ட்டாரு சார். அது வேற.”

வரதனை வைத்து மட்டும் முடிவெடுக்கவில்லை. முடிவெடுத்தது உன்னை வைத்து. இந்த வீட்டில் தோல் வியாதி பற்றிப் படித்தவள் நீ ஒருத்திதான். எனக்கு மோசமாக ஏதாவது இருந்தால் பிரவின் மறைப்பான், உன் அம்மா மறைப்பாள், டாக்டர் பயந்த ஆள். நீ மறைக்க மாட்டாய். ஆறாம் வகுப்பில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கிவிட்டு அதை வாசலில் நின்றே சத்தமாகச் சொன்னவள். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், சீழ் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அதனால் நிம்மதியாக முடிவெடுத்தேன். பாதம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த திருநாவுக்கரசு கடல் மணலில் வெறுங்காலோடு நடந்தால் ஆணி உதிர்ந்துவிடும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் போகலாம் என்று இருக்கிறோம்.

ஆசிகளுடன்,
அப்பா

*

பாஸ்டன்
21.4.2006

அன்புள்ள அப்பா,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன்.

நான் மறைத்தேன். உங்கள் காலில் இருப்பது ஆணி இல்லை. அது தோல் புற்றுநோய். நான் மீன்களில் வரவழைத்துப் பார்க்கிறேனே, அதுவே. பிப்ரவரியிலேயே எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது.

இது பாதத்தை விட்டு மேலே ஏறாமல் இருக்கும்போது வெட்டிவிட்டால் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். ஏறிவிட்டால் எங்களிடம் ஒன்றும் கிடையாது. உலகத்தில் எவரிடமும் இல்லை. பாதிப் பாதத்தோடு நடப்பதற்குச் செருப்பு செய்து தருகிறார்கள், நான் விசாரித்துவிட்டேன்.

யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு நேரம் இருக்கும். இதைப் படித்த நாளே வரதனைக் கூப்பிட்டுச் செங்கல்பட்டுக்குப் போய், ஆபரேஷனுக்குத் தேதி கேளுங்கள்.

ஹரி

*

சிங்கப்பெருமாள் கோயில்
8.5.2006

என் கண்ணு ஹரிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அப்பாவுக்கு எழுதியது வந்தது. தபாலை எப்போதும் நான்தான் வாங்குவேன், உனக்குத் தெரியும். பிரித்துப் படித்தேன். அவரிடம் கொடுக்கவில்லை. எரிக்கலாம் என்று கேஸ் அடுப்பில் பிடித்தேன், இரண்டு தடவை அணைந்துவிட்டது. உன் பேப்பர் தடிமன்.

விழுப்புரம் பெரிய மாமாவை உனக்கு நினைவிருக்கும். அவருக்கு டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். மாமா வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்புறம் யாரிடமும் பேசவில்லை. வியாதி கொல்வதற்கு முன்னால் அந்த வார்த்தை கொன்றுவிட்டது. உன் அப்பா இப்போது ராத்திரி தோசை கேட்டுச் சாப்பிடுகிறார். பேப்பர் படித்துச் சிரிக்கிறார். அதை நான் கெடுக்க மாட்டேன். நீயும் கெடுக்காதே. எப்படியாவது பேசி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்துவிடுவோம்.

கடிதம் எங்கே என்று கேட்டார். அரிசி ஊறிய தண்ணீரில் விழுந்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது என்றேன். என்ன எழுதியிருந்தாள் என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே. காலுக்கு உப்பு போட்ட வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் என்றேன்.

அம்மா

*

சிங்கப்பெருமாள் கோயில்
28.5.2006

அன்புள்ள ஹரிப்ரியா,

அக்கினி நட்சத்திரம் எங்களைப் பாதிக்காமல் முடிந்தது. உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் கடிதம் சமையலறையில் நீரில் மூழ்கி மறைந்தது. ஆனால் அதன் சாரத்தை உன் அம்மா எனக்கு எடுத்துரைத்தாள். ஒரு முழுக் கடிதத்தை ஒரே வாக்கியமாகச் சுருக்கியிருக்கிறாள். எங்கள் நூலகத்துக்கு அப்படி ஓர் ஆள் கிடைத்திருந்தால் பாதி அலமாரி மிச்சமாகியிருக்கும். நீ சொன்னபடி தினமும் இரண்டு வேளை உப்பு ஒத்தடம் கொடுக்கிறேன். இதமாக இருக்கிறது. டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்தார். அமெரிக்காவில் இதே துறையில் இருக்கும் என் மகள் ஒத்தடம் போதும் என்று எழுதியிருக்கிறாள் என்றேன். அவர் பிரவினைப் பார்த்தார். பிரவின் மின்விசிறியைப் பார்த்தான்.

மாமல்லபுரத்துக்கு மூன்று ஞாயிறு போய்வந்தோம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே கூட்டமில்லாத மணலில் நடக்கிறோம். வெள்ளைக்காரர்கள் வெயிலில் துணியில்லாமல் கிடக்கிறார்கள். உன் ஆராய்ச்சி அவர்களுக்குத்தான் பயன்படப் போகிறது, கெட்டிக்காரத்தனமாகச் செய். வலைக்காரர்கள் மணலில் மீனைக் காயப்போட்டிருந்தார்கள். மீன் செத்தால் இங்கே கருவாடு, உங்கள் ஊரில் கட்டுரை.

ஆசிகளுடன்,
அப்பா

*

மின்னஞ்சல்
பாஸ்டன், 12.6.2006

அண்ணா,

நீங்கள் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

நேற்று ஃபோனில் அப்பா கிடைத்தார். சொல்லிவிடுவதென்று எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். “அப்பா, என் லெட்டரை நீங்களே படிச்சீங்களா?” என்றேன். “அம்மா சொன்னாம்மா. உன் ஒத்தடம் ரொம்ப இதமா இருக்கு. நீ சொல்லித்தானே செய்யறேன்” என்றார். பக்கத்தில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே மழை உண்டா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

நான்கு மாதமாகிறது. இனி நீதான். ஒரே ஒரு வாக்கியம், அண்ணா. உன்னால் முடியாவிட்டால் அந்த ரிப்போர்ட்டை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போ. மிச்சத்தை அவர் படித்துக்கொள்வார்.

ஹரி

*

சிங்கப்பெருமாள் கோயில்
20.8.2006

அன்புள்ள ஹரிப்ரியா,

என் இரண்டு கடிதங்களுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. மீன்களுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. நீ நலமாக இருந்தால் போதும்.

இங்கே ஒரு சிறு முன்னேற்றம். இடது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவு நெறி கட்டியிருக்கிறது. காலில் புண் இருந்தால் நெறி கட்டுவது இயற்கை, விஷம் மேலே ஏறாமல் அங்கேயே தடுத்து நிறுத்திவிட்டது என்று அர்த்தம் என்கிறார் திருநாவுக்கரசு. உன் காவல் மரபணுக்கள் என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமல்லபுரம் நின்றுவிட்டது. பஸ் படியில் கால் ஏறவில்லை. ஆணி உடைந்து கசிகிறது. உடைந்தால் சரியாகிவிடும் என்று உன் அம்மா சொல்கிறாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். அவளுக்கு இப்போதெல்லாம் அங்கே வேலை அதிகம்.

ஆசிகளுடன்,
அப்பா

*

மின்னஞ்சல்
14.9.2006

அன்புள்ள ஹரி,

நலமா? நீ சொன்னது போல ரிப்போர்ட்டை ஒரு நாள் அப்பா மேஜைமேல் வைத்தேன். ஆபீஸுக்குப் போகும் வழியில், மகிந்திரா சிட்டி வாசல் வரை போனவன் திரும்பி வந்து எடுத்துவிட்டேன். அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலில் நிறைய இடத்தில் இருக்கிறது. இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார் டாக்டர். ஆகவே அப்பாவை எதற்கும் சம்மதிக்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அழுதாள், அப்புறம் கொஞ்சம் தெளிந்துவிட்டாள். இவ்வளவு நாள் அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாரமாக இருந்தது.

ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றதும் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றார். வரதனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.

அன்புடன்,
பிரவின்குமார்

*

சிங்கப்பெருமாள் கோயில்
19.11.2006

அன்புள்ள ஹரிப்ரியா,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். மற்றபடி மழை நன்றாகப் பெய்கிறது, கொளவாய் ஏரி நிரம்பிவிட்டதாம்.

இருமல் பனியினால் என்கிறார்கள். சாப்பாடு இறங்காதது இருமலினால். எடை குறைவது சாப்பாடு இறங்காததினால். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, எதுவும் விடுபடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நான் தேறிவிட்டதாகச் சொல்கிறார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, நீலச் செருப்பைப் பார்க்கிறார்கள். அதை நான் போட்டு ஒரு மாதமாகிறது.

நீ டிசம்பரில் வருவதாகப் பிரவின் சொன்னான். விசா வந்துவிட்டதில் மகிழ்ச்சி. உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எழுதினால் உன் அம்மா அதையும் ஊறப்போட்டுவிடலாம், நேரில் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்டும் பயனில்லை.

ஆசிகளுடன்,
அப்பா

*

சிங்கப்பெருமாள் கோயில்
22.1.2007

அன்புள்ள ஹரி,

நல்லபடியாக வேலைக்குத் திரும்பியிருப்பாய். அம்மா பரவாயில்லை, ராத்திரி மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

நீ இருந்தபோது ஒரு மத்தியானம் அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, “இது என்னன்னு நீ சொல்லும்மா” என்று கேட்டாராம். நீ “ஒண்ணுமில்லப்பா, சாதாரண ஆணிதான்” என்றாயாம். “நீ சொன்னா சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாராம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அப்போது சொல்ல முடியவில்லை, உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

உனக்குப் பார்த்திருந்த தாம்பரம் வரன் வீட்டார் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு என்ன என்று கேட்டார்கள். பரம்பரை வியாதி என்று உன் கல்யாணம் தட்டிப்போகக் கூடாதே என்று டாக்டரிடமும் முன்பே பேசியிருந்தேன். தயங்கினார், அப்புறம் ஒப்புக்கொண்டார்.

வங்கிக்கு வேண்டும் என்று கேட்டாயே, இறப்புச் சான்றிதழின் பிரதிகள் இரண்டு இத்துடன் இருக்கின்றன. காரணம் மாரடைப்பு என்று பதிவாகியிருக்கிறது.

அன்புடன்,
பிரவின்குமார்